ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ.: எனக்கு எட்டுமா? மதுரை ஓட்டக்காரர்களிடம் ஒரு கேள்வி

கோச்சடைவாசி (செப்டம்பர் 14, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். வயது 41, எடை 79 கிலோ, காளவாசல் பக்கம் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற கணக்கு வேலை. ஜனவரியில் நடக்க ஆரம்பித்து மார்ச்சிலிருந்து ஓடுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 18 அல்லது 20 கி.மீ. ஜூலையில் முதல் தடவையாக 10 கி.மீ. நிற்காமல் ஓடினேன், 74 நிமிடம் ஆனது. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் சிக்கல். எங்கள் அலுவலகத்தில் என் வயதுக்காரர் ஒருவர் 10 கி.மீ.யை 58 நிமிடத்தில் ஓடுகிறார். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் தினமும் அவர் வேகத்தைப் பார்த்துப் பார்த்து, ஜனவரியில் நடக்கிற ஓட்டத்தில் நானும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் கி.மீ.க்கு 6 நிமிடம். சரி, தினமும் அந்த பேஸிலேயே (ஒரு கி.மீ.க்கு ஆகும் நேரம்) ஓடிப் பழகிவிடலாம் என்று ஆறு வாரமாக ஓடுகிறேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது கி.மீ. தாண்டுவதற்குள் மூச்சு போய்விடுகிறது, மீதியை நடக்கிறேன். இப்போது இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரத்தில் வலி வேறு. நேற்று வீட்டுக்காரி கேட்டாள், "முன்னாடி சிரிச்சுக்கிட்டே வருவீங்க, இப்ப ஏன் சண்டை போட்டுட்டு வந்த மாதிரி வர்றீங்க?"

கேள்வி இதுதான். நம்மைப் போல பொழுதுபோக்குக்காக ஓடுகிறவர்கள் பேஸ் இலக்கை எதை வைத்து முடிவு செய்வது? 60 நிமிடம் எனக்கு எட்டுமா, எட்டாதா?

ரேஸ்கோர்ஸ்_அஞ்சுமணி (செப்டம்பர் 15, காலை 7.25)

தம்பி, எனக்கு 56 வயது, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 13 வருடமாக ஓடுகிறேன். உங்கள் கதையை வருடத்துக்குப் பத்துப் பேர் என்னிடம் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், நீங்கள் கணக்குக்காரர்தானே. 74 நிமிடம் என்றால் கி.மீ.க்கு 7:24. 400 மீட்டர் டிராக்கில் அது ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 58 செகண்ட். 60 நிமிடம் என்றால் சுற்றுக்கு 2:24. சுற்றுக்கு 34 செகண்ட் குறைக்க வேண்டும், அதையும் 25 சுற்றுக்கும் குறைக்க வேண்டும். நான்கு மாதத்தில் அது உங்கள் உடம்பிலிருந்து வராது என்று உங்களைப் பார்க்காமலே சொல்வேன். இரண்டு வருடத்தில் வரலாம். வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடிகாரத்தில் பெரிய முள் ஒரு சுற்று சுற்றுகிற நேரம் அது, உங்கள் நுரையீரலுக்கும் தொடைக்கும் அந்த எண்ணோடு எந்த உறவும் கிடையாது. அரை மராத்தான் ஓடுகிறவர்கள் எல்லாரும் 2 மணி நேரம், 2 மணி நேரம் என்கிறார்கள், அதற்கு 21.1 கி.மீ. முழுக்க 5:41 பேஸில் ஓட வேண்டும் என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. எண்ணைக் காலிலிருந்து எடுக்க வேண்டும் தம்பி.

எப்படி எடுப்பது? வலி முழுக்கப் போன பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் 5 கி.மீ. சோதனை ஓட்டம் ஓடுங்கள். உங்களால் முடிந்த அளவு, ஆனால் சீராக. அந்த நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் இன்றைக்கு உங்களால் 10 கி.மீ. எவ்வளவில் ஓட முடியும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். பீட் ரீகல் என்ற அமெரிக்கர் 1977ல் வெளியிட்ட சூத்திரம் இது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகும், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் அவர் கண்டுபிடித்தது. இன்றைக்கும் பல இணையக் கணிப்பான்களுக்கு அடிப்படை அதுதான்.

இன்னொன்று. தினமும் இலக்கு பேஸில் ஓடுவது தப்பு. உங்கள் நிலைக்கு வாரத்தில் இரண்டு ஓட்டம் 8:00, 8:30 பேஸில் இருக்க வேண்டும். மெதுவாகத் தோன்றும், தோன்றட்டும். ஒரே ஒரு நாள் வேகமாக ஓடினால் போதும்.

ஒத்தக்கடை_டீச்சர் (செப்டம்பர் 15, இரவு 8.10)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்ம ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் எந்த பேஸும் பேச முடியாது.

நான் நான்கு வருடமாக யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் ரோட்டில் ஓடுகிறேன், என் நாத்தனாரும் கூட வருவாள். ஒரு 80 பக்க நோட்டில் தேதி, நேரம், கிளம்பும்போது எத்தனை டிகிரி, எப்படி மூச்சு வாங்கியது என்று எழுதி வைக்கிற பழக்கம். அதே ரோடு, அதே தூரம், அதே அளவு மூச்சு. ஜனவரியில் 7:10 வந்த பேஸ், மே மாதத்தில் 7:45 ஆகிவிடுகிறது. முதல் வருடம் இது புரியாமல், உடம்பு கெட்டுவிட்டதோ என்று பயந்து ரத்தப் பரிசோதனை வரை போனேன். ஒன்றுமில்லை, வெயில்தான். மே மாதத்தில் இங்கே விடியற்காலையிலேயே 27, 28 டிகிரி இருக்கும், காற்றில் ஈரமும் சேர்ந்துவிட்டால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும். உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, காலுக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. அதனால் கோடையில் பேஸ் குறைவது உங்கள் பயிற்சி வீணானதற்கு அடையாளமே இல்லை. மராத்தான் ஓட்டத்துக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்தான் சாதகம் என்கிறார்கள், நமக்கு மார்கழி விடியலில்கூட அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஐரோப்பாவில் ஓடுகிறவர் போடும் பேஸ் அட்டவணையை எடுத்து நாம் ஏப்ரலில் ஓடினால் அழுகைதான் வரும்.

மெதுவான ஓட்டம் என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பதினாறாம் வாய்ப்பாடு. ஓடிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வரி சொல்லி ஒரு மூச்சு எடுத்தால் வேகம் சரி. ஒரு வரிக்கே நடுவில் மூச்சு வாங்கினால் குறையுங்கள். நாத்தனாரும் நானும் இப்போது வாய்ப்பாட்டுக்குப் பதிலாக வீட்டுக் கதை பேசுகிறோம், பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இலக்கு_1500 (செப்டம்பர் 15, இரவு 10.55)

அண்ணன்கள் அக்காக்கள் மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லாரும் "உன்னால் முடிந்ததை ஓடு" என்றால் எவனும் முன்னேற மாட்டான். நான் போலீஸ் தேர்வுக்குத் தயாரானவன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கி.மீ.க்கு 4:40 பேஸ். அங்கே போய் "சார், என் காலிலிருந்து எடுத்த எண் இது" என்று சொல்ல முடியுமா? ஆரம்பத்தில் எனக்கு 8:40 ஆனது. எண்ணைக் குறைக்கவில்லை, ஐந்து மாதம் ஓடினேன், தேர்வில் 6:48. சக்கிமங்கலத்தில் வளர்ந்த ரேவதி வீரமணி அக்கா டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரை போய் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பெரிதாக நினைத்ததால்தானே?

ரேஸ்கோர்ஸ்_அஞ்சுமணி (செப்டம்பர் 16, காலை 7.05)

தம்பி, முதலில் 6:48க்கு வாழ்த்துகள். ஆனால் அந்த ஐந்து மாதம் எப்படி ஓடினீர்கள் என்று இங்கே எழுதுங்கள். முதல் நாளிலிருந்தே 4:40 பேஸிலா ஓடினீர்கள்?

இலக்கு_1500 (செப்டம்பர் 16, மதியம் 1.30)

இல்லைண்ணே. முதல் மாதம் அப்படித்தான் ஓடினேன். 7 நிமிடத்துக்கு ஒரு சுற்று 1:52ல் வர வேண்டும், நான் முதல் சுற்றை 1:28ல் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் 2:30க்குப் போய்விடுவேன், முடிக்கும்போது கண் இருட்டும். அப்புறம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் கடிகாரத்தைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். ஒரு மாதம் மெதுவாக 5 கி.மீ. மட்டும். பிறகு முதலில் 8:15, அடுத்து 7:50, அடுத்து 7:25 என்று மூன்று வாரத்துக்கு ஒரு இலக்கு கொடுத்தார். நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் கடைசியில் அந்த 7 நிமிடம் சுவரில் எழுதியிருந்ததால்தான் நான் தினமும் எழுந்தேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரேஸ்கோர்ஸ்_அஞ்சுமணி (செப்டம்பர் 16, இரவு 9.15)

விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேலை அதில் இருந்தது, எண் வெளியிலிருந்து வந்தது, வேறு வழியில்லை. அப்படியும் உங்கள் மாஸ்டர் அதை மூன்று வாரத் துண்டுகளாக வெட்டித்தான் கொடுத்தார். கோச்சடைத் தம்பிக்கு எந்தத் தேர்வும் இல்லை, அவர் எண்ணை அவரே எழுதிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் இருக்கும்போது அடுத்தவர் எண்ணை எடுத்து மாட்டிக்கொள்வானேன். ரேவதிக்குப் பின்னால் ஒரு பயிற்சியாளர், வருடக்கணக்கான உழைப்பு, நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவே மாதக்கணக்கான பயிற்சி. பெரிய ஓட்டக்காரர்கள் அடுத்த படியைத்தான் பார்த்து ஓடுகிறார்கள்.

முதல் சுற்றில் பறப்பதைப் பற்றிச் சொன்னீர்கள், அது முக்கியம். 2023ல் சிகாகோவில் கெல்வின் கிப்டும் மராத்தானை 2 மணி 35 செகண்டில் ஓடி உலக சாதனை செய்தாரே, முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. பின்பாதி வேகம் அதிகம். உலக சாதனை செய்த ஆளே முன்பாதியில் கையைக் கட்டிக்கொண்டு ஓடினார், நாம் முதல் கி.மீ.யில் எல்லாவற்றையும் செலவழிக்கிறோம்.

எலும்பும்_தசையும் (செப்டம்பர் 17, காலை 6.50)

பிசியோதெரபிஸ்ட். பேஸ் விவாதம் நடக்கட்டும், முதலில் அந்த வலி. கோச்சடைவாசி, கட்டைவிரலால் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழே அழுத்திப் பாருங்கள். நாலு விரல் நீளத்துக்கு மேல் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தாங்கும் அளவுக்கு மேல் ஓடியதால் வருவது, தூரத்தையும் வேகத்தையும் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். சோதனை ஓட்டம் அதற்கு அப்புறம்தான்.

தெப்பக்குளம்_மேற்கு (செப்டம்பர் 17, இரவு 10.20)

5 கி.மீ. சோதனைக்கு இடம் தேடுபவர்களுக்கு: தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினால் நாலு சுற்று 5 கி.மீ. என்று பலர் நம்புகிறார்கள். நான் அங்கேயே குடியிருப்பவன், இதில் ஏமாந்தவன், அதனால் எழுதுகிறேன். குளம் 305 மீட்டருக்கு 290 மீட்டர். நாலு பக்கமும் கூட்டினால் 1,190. ஆனால் நாம் குளத்துச் சுவர் மேலே ஓடுவதில்லை. சுவரிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகும்போதும் சுற்றுக்கு 8 மீட்டர் கூடும், 10 மீட்டர் தள்ளி ரோட்டில் ஓடினால் சுற்று 1,270. சுவரை ஒட்டி ஓடுகிறவருக்கும் ரோட்டில் ஓடுகிறவருக்கும் நாலு சுற்றில் 320 மீட்டர் வித்தியாசம். 7 நிமிட பேஸில் அது இரண்டு நிமிடத்துக்கு மேல்! ஒரு மாதம் முழுக்க நான் வேகம் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடை ஓரத்தில் ரோட்டில் வண்டி நிறுத்த ஆரம்பித்ததால் சுவர்ப் பக்கம் ஒதுங்கி ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வாட்சையும் அப்படியே நம்ப வேண்டாம். மாசி வீதிகள் மாதிரி கட்டடம் நெருங்கின இடத்தில் ஜிபிஎஸ் தாவும். ஓடும்போது திரையில் அந்தந்த நொடிக்குக் காட்டும் பேஸ் 6:20, 7:50, 6:45 என்று ஆடிக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தினால் நீங்களும் ஆடுவீர்கள். ஒவ்வொரு கி.மீ.க்கும் சராசரி காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பும் அப்படித்தான், 220லிருந்து வயதைக் கழிப்பது ஒரு சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும் குறையும். சோதனை ஓட்டத்துக்கு 400 மீட்டர் டிராக்தான் நல்லது. உள் ஓரத்தில் பன்னிரண்டரைச் சுற்று, தீர்ந்தது.

பூமார்க்கெட்_ராத்திரி (செப்டம்பர் 18, காலை 9.45)

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ராத்திரி வேலை எனக்கு. காலையில் எல்லாரும் ஓடும் நேரத்தில் நான் மூட்டை இறக்கி முடித்திருப்பேன். சாயங்காலம் எழுந்து வண்டியூர் கண்மாய்க் கரையில் ஓடுகிறேன். எனக்கு பேஸ் இலக்கு கிடையாது. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி மல்லிகை வரத்து அதிகம், அடுத்த நாள் கால் இரும்பு மாதிரி இருக்கும், அன்றைக்கு எந்த அட்டவணையும் வேலை செய்யாது. அதனால் 40 நிமிடம் ஓட்டம், அவ்வளவுதான் இலக்கு. எவ்வளவு தூரம் வருகிறதோ வரட்டும். ஆரம்பத்தில் 40 நிமிடத்தில் 4.6 கி.மீ. வந்தது, இப்போது 5.5 வருகிறது. உடம்பு வேலை செய்கிறவர்கள், தூக்கம் முறையாக இல்லாதவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

ஒத்தக்கடை_டீச்சர் (செப்டம்பர் 18, இரவு 8.30)

இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. எங்கள் ஓட்டக் குழுக்களில் தூக்கத்தையும் வேலையையும் யாரும் கேட்பதே இல்லை. பெண்களுக்கு இன்னும் உண்டு. மாதத்தில் சில நாள் உடம்பு வேறு மாதிரி இருக்கும், காலையில் சமையல் முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும், இருட்டில் தனியாகப் போக முடியாது, அதனால் வெயில் ஏறின பிறகு ஓடுகிறோம். ஐந்து மணிக்கு ஓடும் ஆணின் பேஸோடு ஏழு மணிக்கு ஓடும் பெண்ணின் பேஸை ஒப்பிடுவது அநியாயம். என் நோட்டில் அடுத்தவர் பெயரே கிடையாது.

கோச்சடைவாசி (அக்டோபர் 26, காலை 9.10)

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வலி பரவலான வகைதான். இரண்டு வாரம் நடை மட்டும், பிறகு மெதுவாக 8:20 பேஸில் ஆரம்பித்தேன். முதல் வாரம் நடக்கிறவர்கள் சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள், கஷ்டமாக இருந்தது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடினேன். மூன்றாவது வாரத்தில் வைகைக் கரை ரோட்டில் 9 கி.மீ. போய்விட்டுத் திரும்பும்போது, வலியும் இல்லை மூச்சும் வாங்கவில்லை என்று திடீரென்று உறைத்தது.

ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது, இன்றைக்குக் காலையில் டிராக்கில் சோதனை ஓட்டம் ஓடினேன். 5 கி.மீ. 34 நிமிடம் 10 செகண்ட். 2.085ஆல் பெருக்கினால் 71:14. கி.மீ.க்கு 7:07. இதுதான் என் எண்ணா?

ரேஸ்கோர்ஸ்_அஞ்சுமணி (அக்டோபர் 26, மாலை 6.40)

இதுதான் இன்றைக்கு உங்கள் எண். ஜனவரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, குளிரும் துணை செய்யும். 72 நிமிடம் வந்தால் நிறைவு, 71 வந்தால் மகிழ்ச்சி, 70 வந்தால் கொண்டாட்டம் என்று மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே எண்ணில் எல்லாவற்றையும் கட்ட வேண்டாம். வேகமான நாளில் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 2:45, நடுவில் இரண்டு நிமிடம் நடை. வேறெதுவும் கூட்டாதீர்கள். ஓட்ட நாளில் முதல் கி.மீ.யை 7:15ஐவிட வேகமாக ஓடக் கூடாது, இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

இலக்கு_1500 (அக்டோபர் 26, இரவு 11.00)

அண்ணே, 60ஐச் சுவரில் எழுதி வையுங்கள். தேதி மட்டும் போடாதீர்கள்.

கோச்சடைவாசி (ஜனவரி 19, காலை 11.20)

நேற்று ஓடினேன். 70 நிமிடம் 37 செகண்ட்.

விளக்கு வெளிச்சத்தில் கிளம்பினோம், பனி இருந்தது. துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் பறந்தார்கள், என் அலுவலக நண்பர் முதல் வளைவிலேயே மறைந்துவிட்டார். நான் வாட்சைப் பார்த்தபடி 7:16ல் முதல் கி.மீ. முடித்தேன். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் இருந்தேன், உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை ஆறு கி.மீ.யும் சேர்த்து 42:45. ஆறாவதில்தான் நடக்கிறவர்களைத் தாண்ட ஆரம்பித்தேன், முன்னால் பறந்தவர்கள் அவர்கள். எட்டாவது 7:00, ஒன்பதாவது 6:58, கடைசி கி.மீ. 6:38. என் வாழ்க்கையில் கடைசி கி.மீ.யை வேகமாக ஓடியது இதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் இடம் இருந்தது, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரி முடிவுக் கோட்டில் நின்றிருந்தாள், பருத்திப்பால் வாங்கி வைத்திருந்தாள். நேரத்தைக் கேட்கவே இல்லை, "கால் வலிக்குதா" என்றுதான் கேட்டாள். வலிக்கவில்லை.

மார்ச் மாதத்துக்குள் மறுபடி 5 கி.மீ. சோதனை ஓட வேண்டும் அண்ணே. வெயில் ஏறுவதற்குள். டீச்சரம்மா சொன்ன மாதிரி ஒரு நோட்டும் வாங்கிவிட்டேன்.

ரேஸ்கோர்ஸ்_அஞ்சுமணி (ஜனவரி 19, மதியம் 12.05)

பத்து நாள் கால் நீட்டிப் படுங்கள். அதற்கு அப்புறம் வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு கீழக்குயில்குடி வாருங்கள், சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்துப் பக்கம் நிற்கிறேன். ஏற்றத்தில் ஓடிப் பழக வேண்டும். வாட்ச் வேண்டாம்.